அனாபிலாக்சிஸ்: ‘ஒவ்வாமை அதிர்ச்சி’ சரியான சொல்லா?

அனாபிலாக்சிஸ் என்பது திடீரென்று வந்து உயிரையே பறிக்கக்கூடிய கடும் அலர்ஜி. கிரேக்கத்தில் ‘பிலாக்சிஸ்’ என்றால் காப்பு. ‘அனா’ இங்கே ‘எதிரான’ என்ற பொருளில் வருகிறது. 1902-இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஷார்ல் ரிஷேயும் போல் போர்த்தியேவும் படைத்த சொல் இது. கடற்சாமந்தியின் நஞ்சைச் செலுத்தி நாய்களுக்கு எதிர்ப்பாற்றல் ஊட்டப் பார்த்தார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடி செலுத்தியபோது, முன்பு தாங்கிய நாயே அரை மணிக்குள் செத்தது. காப்பு வரும் என்று பார்த்தால் அதற்கு நேர்மாறு.

தமிழில் ‘ஒவ்வு’ என்பது ஒத்திருத்தல், இசைதல். குறளின் ‘சிறப்பொவ்வா’வில் இருப்பதும் இந்த வேர்தான். அலர்ஜிக்கு ‘ஒவ்வாமை’ அழகாகப் பொருந்துகிறது. வீட்டில் “இறால் சேராது” என்பதும் அதுவே. அனாபிலாக்சிஸை மட்டும் ‘ஒவ்வாமை அதிர்ச்சி’ என்று பலர் எழுதுகிறார்கள். இது ஆபத்தான பெயர்ப்பு. இரத்த அழுத்தம் சரிவதைத்தான் மருத்துவத்தில் அதிர்ச்சி என்கிறோம். அது சரியாமல் மூச்சுத்திணறலிலேயே உயிர் போகலாம். ‘திடீர்க் கடும் ஒவ்வாமை’ என்பதே பொருத்தம்.

முதியவர்களிடம் இந்தப் பிழை இன்னும் உறுத்தும். அவர்களுக்குத் தடிப்பும் அரிப்பும் தெரியாமலே மயக்கமோ நெஞ்சுவலியோ முதலில் வரக்கூடும். மாரடைப்பு என்று நினைத்துவிடுவார்கள். வழக்கமாக மேல் அழுத்தம் 160 உள்ளவருக்கு 110 என்பது ‘நார்மல்’ அல்ல, 30 சதவீதத்துக்கும் மேலான வீழ்ச்சி. இளையோரின் மரணங்களில் உணவு முன்னிற்கும். வயதானோரிடம் மருந்துகளும் குளவி, தேனீக் கொட்டும்தான். இதயம் ஏற்கெனவே பலவீனம் என்றால் சரிவைத் தாங்காது.

மருந்து எல்லா வயதுக்கும் ஒன்றே: அட்ரினலின். 1 மில்லிக்கு 1 மி.கி. உள்ள ஆம்பியூலில் (ஊசிமருந்துக் குப்பி) பெரியவர்களுக்கு அரை மில்லி (குழந்தைகளுக்கு அளவு குறைவு), தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில். குணமில்லையென்றால் 5 நிமிடத்தில் மறுபடி. ‘பெரியவருக்கு இதயம் தாங்காது’ என்று தயங்குவதுதான் பெரிய தவறு. தாமதம் அந்த மருந்தைவிடக் கொடியது. அவில் ஊசி (வழக்கமான அலர்ஜி மருந்து) அரிப்பைத் தணிக்கும், அழுத்தத்தைத் தூக்காது. பீட்டா பிளாக்கர் (இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் தரும் ஒருவகை மருந்து) சாப்பிடுகிறவருக்கு அட்ரினலின் சரியாக எடுபடாமல் போகலாம். அப்போது மருத்துவமனையில் குளூக்ககான் என்ற ஹார்மோன் மருந்து 1 முதல் 5 மி.கி., சிரைவழி, 5 நிமிடத்தில் மெதுவாக. மயக்கம் வந்தவரைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் கால் நீட்டி உட்காரலாம். ஊசி போட்டதும் தெளிந்துவிட்டார் என்று கழிப்பறைக்கு நடத்திக் கூட்டிப்போவது கூடாது: சட்டென்று எழுந்தால் இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் வற்றி, அங்கேயே துடிப்பு நின்றுவிடலாம்.