எனர்கீவெண்டெ: தமிழ்ல என்னன்னு சொல்றது?

எனர்கீவெண்டெ ஜெர்மன் சொல்லு, இங்கிலீஷ்காரங்களே மொழிபெயர்க்காம அப்படியே எடுத்து எழுதுறாங்க. ஒரு நாடு தனக்கு வேண்டிய கரண்ட்டையும் எரிபொருளையும் எதுல இருந்து எடுக்குது, எடுத்ததை எப்படி செலவழிக்குது, இந்த ரெண்டையும் சேர்த்து வேற பக்கம் திருப்புறதுக்குத்தான் அந்தப் பேரு. நம்ம பேப்பர்ல "எரிசக்தி மாற்றம்"னு போடுறாங்க, மாடியில சோலார் மாட்ட வர்றவங்க "எனர்ஜி ட்ரான்ஸிஷன்"ங்கிறாங்க. எனக்கு ரெண்டும் சரியா படல, ஏன்னு சொல்றேன்.

முதல்ல சொல்லைப் பிரிச்சுப் பாப்போம். எனர்கீ கிரேக்கத்துல இருந்து வந்தது, "எர்கோன்"னா அங்க வேலை, "எனெர்கேயா"ன்னா ஒண்ணு வேலையில இருக்கிற நிலை, அரிஸ்டாட்டில் புழங்கின சொல்லு. இன்னைக்கு இயற்பியல்ல வர்ற பொருள்ல அதைக் கொண்டுவந்தவர் தாமஸ் யங், 1807ல. ரெண்டாவது பாதி வெண்டெ, அதுக்குத் திருப்பம்னு அர்த்தம். பாய்மரப் படகோட முகத்தை எதிர்காத்துக்கு ஊடால திருப்பி அந்தப் பக்கம் கொண்டு போறதும் வெண்டெதான், சூரியன் வடக்கயோ தெக்கயோ எல்லை வரைக்கும் போயிட்டுத் திரும்புற நாளுக்கும் "சொன்னன்வெண்டெ"ன்னுதான் பேரு, 1989ல கிழக்கு ஜெர்மனி ஆட்சி கவுந்ததையும் அவங்க வெறுமனே "வெண்டெ"ங்கிறாங்க. ஆக அதுல ஒரு திசை இருக்கு, இதுவரைக்கும் போன பக்கம் இனிமே போகலன்னு ஒரு முடிவு இருக்கு.

இந்தச் சொல்லைப் பரப்பினது 1980ல எக்கோ இன்ஸ்டிடியூட்ங்கிற ஜெர்மன் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அமைப்பு கொண்டுவந்த ஒரு புஸ்தகம். அதோட துணைத்தலைப்பே பெட்ரோலியமும் யுரேனியமும் இல்லாம வளர்ச்சியும் வளமும்ங்கிற மாதிரி இருக்கும். 70கள்ல ஜெர்மனியில வீல்ங்கிற ஊர்ல அணு உலை வேணாம்னு திராட்சை விவசாயிங்க உலை கட்டுற எடத்துல போய் உக்காந்தாங்களே, அந்தப் போராட்டக் காலத்துல பொறந்த அமைப்பு அது. நிறைய பேரு இது ஏதோ ஜப்பான்ல ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்கு அப்புறம் ஆரம்பிச்சதுன்னு நெனைக்கிறாங்க, அது தப்பு. 1991லயே காத்தாலைக்காரன் கரண்ட்டை கம்பெனி வாங்கியே ஆகணும்னு சட்டம் வந்துடுச்சு, 2000ல வந்த சட்டம் 20 வருஷத்துக்கு விலையை உறுதி பண்ணிச்சு, சாதாரண ஆளுங்க கூரையில பேனல் போட்டதுக்குக் காரணமே அதுதான். 2011 ஃபுகுஷிமா அணு உலை மூடுறதை வேகப்படுத்திச்சு, அவ்ளோதான். கடைசி மூணு உலைங்க 2023 ஏப்ரல் 15ல நின்னுச்சு. நிலக்கரிக்கு 2038 வரைக்கும் கெடு வெச்சிருக்காங்க, அணுவை முதல்ல மூடிட்டு கரியை அப்புறம் பாக்கலாம்னது சரியாங்கிற சண்டை அங்க இன்னும் ஓயல.

அங்க எரியுற கரியில முக்கியமானது எது தெரியுமா, "ப்ரவுன்கோலெ". அப்படியே தமிழ்ல சொன்னா பழுப்பு நிலக்கரி! நம்ம நெய்வேலியில தோண்டுறோமே, அதே சரக்கு. மந்தாரக்குப்பம் பக்கம் போனவங்க அந்தப் பெரிய சக்கர வெட்டு மெஷினைப் பாத்திருப்பீங்க, அந்தத் தொழில்நுட்பமும் ஜெர்மனியில இருந்து வந்ததுதான். அதனால இந்தச் சொல்லு கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு ஒண்ணும் தூரத்து விஷயம் கிடையாது.

மாற்றம்ங்கிறது ஏன் பத்தாதுன்னு நெய்வேலியை வெச்சே சொல்லலாம். சோவியத் உதவியோட கட்டுன முதல் அனல்மின் நிலையம், 600 மெகாவாட், 1962ல ஓட ஆரம்பிச்சு 2020ல மூடுனாங்க. அதுக்குப் பதிலா வந்த புதுசு 1000 மெகாவாட். அதுவும் பழுப்பு நிலக்கரிதான் எரிக்குது! புதுசுல கரி கொஞ்சம் சிக்கனம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா ஆலை மாறிச்சே தவிர எரியறது மாறல. இதை "மாற்றம்"னு தாராளமா சொல்லலாம், வெண்டென்னு யாரும் சொல்ல முடியாது. நெய்வேலியை நடத்துற அதே என்எல்சி நிறுவனம் வேற வேற ஊர்ல சோலார் பண்ணை போட்டிருக்கு பாருங்க, அதை வேணும்னா திருப்பத்தோட ஆரம்பம்னு சொல்லிக்கலாம். அதுவும் இல்லாம பள்ளிக்கூட அறிவியல் புஸ்தகத்துல "ஆற்றல் மாற்றம்"னா பேட்டரியில வேதி ஆற்றல் மின்னாற்றலா மாறுற சமாச்சாரம், அது வேற பாடம்.

எரிசக்திங்கிறது அரசாங்கத் துறைக்கே பேரா இருக்கு, பழகிடுச்சு. ஆனா அதுக்குள்ள "எரி" இருக்கே. எரிக்கிறதை விட்டுட்டு காத்துக்கும் வெயிலுக்கும் போறோம்னு சொல்றதுக்கு எரியில ஆரம்பிக்கிற சொல்லா? ஆற்றல்தான் சரி. ஆற்றுன்னா செய், அதுல இருந்து வந்தது ஆற்றல், கிரேக்கத்துல வேலையில இருந்து எனெர்கேயா வந்த மாதிரியே. "ஆற்றுவார் ஆற்றல் பசிஆற்றல்"னு குறள்லயே (225) இருக்கு, அங்க வலிமைங்கிற பொருள். ஆக என் ஓட்டு "ஆற்றல் திருப்பம்".

பாண்டியில பிரெஞ்சு தெரிஞ்சவங்க "த்ரான்ஸிசியோன் எனெர்ஜெத்திக்"ம்பாங்க, பிரான்ஸ்ல 2015ல அந்தப் பேர்லயே சட்டம் வந்துச்சு. அதோட வேர் லத்தீன், கடந்து போறதுன்னு அர்த்தம். பாண்டி அரசுக்குன்னு சொந்தமா இருக்கிறது காரைக்கால்ல 32.5 மெகாவாட் கேஸ் நிலையம், மத்தபடி நெய்வேலி மாதிரி வெளி நிலையங்கள்ல வாங்குற கரண்ட்தான். அந்த மாதிரி ஊருக்குத் திருப்பம்னா மாடி சோலார், அப்புறம் செலவழிக்கிற விதம். 75 வாட் பழைய ஃபேனைக் கழட்டிட்டு கரண்ட் கம்மியா இழுக்கிற 30 வாட் பிஎல்டிசி மோட்டார் ஃபேன் மாட்டுறதும் எனர்கீவெண்டெல சேர்த்தி, நாம பேசும்போது அந்தப் பாதியை சுத்தமா மறந்துடுறோம்.

ஜெர்மன்ல இதை வெச்சு குட்டிச் சொல்லுங்களும் போட்டுட்டாங்க, சூடேத்துறதுக்கு "வேர்மெவெண்டெ", வண்டி வாகனத்துக்கு "ஃபெர்கேர்ஸ்வெண்டெ". நாமளும் வெப்பத் திருப்பம்னு போட்டுக்கலாம். போக்குவரத்துத் திருப்பம் மட்டும் வேணாம், மஞ்சக்குப்பத்துல ரோடு வேலை நடக்குது சுத்திப் போங்கன்னு போலீஸ் வெச்ச போர்டு மாதிரி இருக்கு.

இன்னொண்ணு, புணர்ச்சி விதியைப் புடிச்சுக்கிட்டு சேர்த்து எழுதிடாதீங்க. கல்லும் தூணும் சேர்ந்தா கற்றூண் ஆகுற மாதிரி இது "ஆற்றற்றிருப்பம்"னு ஆயிடும். அவசரமா படிக்கிறவங்களுக்கு ஆற்றல் அற்று இருப்பம்னு காதுல விழும், தானே புயல் அடிச்சு கரண்ட் கம்பமெல்லாம் சாஞ்சு கெடந்த ஊர்ல அப்படி ஒரு போர்டு வேணாம். விட்டே எழுதுங்க.