போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொல்லுங்கள்

என்னிடம் வருகிறவர்களில் பலர் இப்போது பிரச்சினையை வாயால் சொல்வதில்லை, போனை நீட்டுகிறார்கள். "இதை வாசிச்சுப் பாருங்கோ மிஸ், இவர் எனக்கு என்னவெல்லாம் எழுதியிருக்கிறார் எண்டு." கிளிநொச்சிப் பக்கம் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். கணவன் மனைவி, தாய் மகள், ஒரே வளவுக்குள் வீடு கட்டியிருக்கும் அண்ணன் தம்பி என்று யார் வந்தாலும், வழக்குக்குச் சான்றுப்பொருள் கொண்டுவருவது மாதிரி ஒரு ஸ்கிரீன்ஷொட்டும் கூடவே வருகிறது. நான் அதை வாசிப்பதில்லை. மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள் என்பேன். அங்கேதான் பலர் முட்டுப்படுகிறார்கள். "அவர் 'சரி' எண்டு மட்டும் போட்டார்" என்பதோடு கதை நின்றுவிடும். அதற்கு முன்னால் நீங்கள் என்ன கேட்டீர்கள், அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது, உங்களுக்கு ஏன் அவ்வளவு நொந்தது என்றெல்லாம் கேட்டால் பதில் வராது. (ஆட்களை அடையாளம் பிடிக்க முடியாதபடி எல்லாவற்றையும் கலந்துதான் எழுதுகிறேன்.)

பாடசாலைகளில் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் அங்கே கேட்பது வேறு. பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள், கட்டுரையிலும் குறுக்கி எழுதுகிறார்கள், 'வேற லெவல் ப்ரோ' என்று ரிக்ரொக் தமிழில் கதைக்கிறார்கள், மொழி அழியப் போகுது என்கிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு பயம் இல்லை. குறுக்கி எழுதுவது பிள்ளைகளின் சோம்பலில் பிறந்த பழக்கமல்ல. 1992 டிசம்பரில் முதல் எஸ்எம்எஸ் போனது, ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது அதன் எல்லை. தமிழில் அடித்தால் அது 70 ஆகச் சுருங்கும், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும், போதாக்குறைக்குப் பழைய பட்டன் போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்து பெட்டி பெட்டியாகத்தான் தெரியும். காசைப் பார்த்த சனம் ஆங்கில எழுத்துக்குப் போனது. எல்லை போய்விட்டது, பழக்கம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இங்கிலாந்தில் கொவன்றி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வூட் ஆகியோர் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளைப் பார்த்தபோது, குறுக்கி எழுதுகிறவர்கள் வாசிப்பில் பின்தங்கியிருக்கவில்லை, கொஞ்சம் மேலாகவே இருந்தார்கள். அது ஆங்கிலம், அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆங்கில எழுத்தில் மரமும் மறமும் ஒன்றுதான், ல ள ழ எல்லாம் கைக்கு மறந்துபோகும். அதனால் போனில் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் கொடுங்கள், இலவசம்தான். மிச்சத்தைத் தமிழ் ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

என் கவலை குரல் பற்றியது. ஜஸ்ரின் குரூகர், நிக்கலஸ் எப்லி முதலானோர் 2005இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நக்கலாகவும் உண்மையாகவும் சில வசனங்களை மின்னஞ்சலில் அனுப்ப வைத்தார்கள். பெறுகிறவர் நூற்றுக்கு 78 தடவை சரியாகப் பிடித்துவிடுவார் என்று அனுப்பியவர்கள் நம்பினார்கள். உண்மையில் பிடிபட்டது 56. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே 50 சரியாக வரும்! எழுதும்போது நம் குரல் நம் காதில் கேட்கிறது, வாசிக்கிறவருக்கு அது கேட்பதில்லை.

வன்னியில் இது கூடுதலாக அடிக்கக் காரணம் இருக்கிறது. போரிலும் இடப்பெயர்விலும் சிதறி, பிறகு வேலை தேடியும் சிதறிய குடும்பங்கள், அண்ணன் கனடா, தங்கை பிரான்ஸ், கணவன் குவைத். சில குடும்பங்களில் கலியாண வாழ்க்கை முழுவதுமே வைபரிலும் ஐஎம்ஓவிலும்தான் நடக்கிறது. குவைத்தில் இரவு 9 மணி என்றால் இங்கே 11.30. அவர் வேலை முடிந்து களைத்துப்போய் ஒற்றைச் சொல் போடுவார். இவர் பிள்ளைகளைப் படுக்கப் போட்டுவிட்டு அந்தச் சொல்லை ஏழெட்டுத் தரம் வாசித்து, கடைசியாக எப்போது ஒன்லைனில் இருந்தார் என்று பார்த்து, வாசித்ததைக் காட்டும் நீலச் சரி அடையாளம் விழுந்தும் ஏன் பதில் இல்லை என்று விடியும்வரை யோசித்துக்கொண்டிருப்பார். 2014க்கு முன்னர் வட்ஸ்அப்பில் அந்த நீலச் சரியே இல்லை, கடிதக் காலத்தில் மாதக்கணக்கில் பொறுத்த சனத்துக்கு இப்போது பத்து நிமிடம் தாங்கவில்லை. சரி, வொய்ஸ் மெசேஜ் போடலாமே என்பார்கள். போடலாம். ஆனால் அதில் "ஓம்... பிறகு?" என்று சொல்ல ஆளில்லை. எதிரில் இருப்பவரின் முகம் மாறினால் நாம் நிறுத்துவோம், மாற்றிச் சொல்லுவோம். நாலு நிமிட வொய்ஸில் கோபம் தடையில்லாமல் ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே நான் சொல்வது: காசு, சந்தேகம், மாமியார் இந்த மூன்றையும் தட்டச்சில் தொடவே வேண்டாம். இரண்டு பேரும் களைப்பில்லாமல் இருக்கும் ஒரு நேரத்தைப் பேசி வைத்து, கூப்பிட்டுக் கதையுங்கள். பதில் எழுத நேரமில்லையென்றால் "வேலையில் நிற்கிறன், இரவு எடுக்கிறன்" என்று காரணத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

செத்தவீட்டு விடயத்தையும் சொல்ல வேண்டும். ஊர்க் குழுவில் 'ஆர்ஐபி' போட்டாயிற்று, போகத் தேவையில்லை என்று நினைக்கும் இளையவர்கள் கூடுகிறார்கள். விசாரித்தால் மரியாதை இல்லாமல் அல்ல, போய் என்ன சொல்வதென்று தெரியாத பயம். ஒன்றும் சொல்லத் தேவையில்லை தம்பி, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இரு, கதிரை எடுத்துப் போடு, தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடு. இதைப் போய்த்தான் பழக முடியும், எங்களையும் அம்மா அப்பா கூட்டிக்கொண்டு போய்த்தான் பழக்கினார்கள்.

எழுத்தால் பிழைத்தவர்களும் உண்டு. மூன்று சந்திப்புகளாக வாயே திறக்காத ஒரு பெடியன், வீட்டுக்குப் போய் ஒரு பக்கத்துக்கு மெசேஜ் அனுப்பினான், அதிலிருந்துதான் கதையே தொடங்கியது. ஷெல் சத்தத்தில் செவி போனவர்களுக்கு மெசேஜ் பெரிய உதவி. அதனால் போனைப் பறிக்கச் சொல்லவில்லை.

சின்னப் பிள்ளைகள் விடயத்தில் மட்டும் கண்டிப்பாக இருப்பேன். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டலின்படி ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே வேண்டாம், இரண்டு முதல் நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். பேச்சுப் பிந்தினால் போன்தான் காரணம் என்று நீங்களே முடிவுகட்டாமல் செவியையும் சோதிக்க வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கும் முகம் பார்த்துப் பழக இடம் வேண்டும். அமெரிக்காவில் யால்டா உல்ஸ் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், திரையே இல்லாத முகாமில் ஐந்து நாள் இருந்த பிள்ளைகள், வழக்கம்போல இருந்தவர்களைவிட மற்றவர் முகத்தில் உணர்ச்சியைப் படிப்பதில் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். ஐந்து நாள்தான்! நம் வீட்டில் இரவுச் சாப்பாட்டு நேரத்திலாவது போனைத் தள்ளி வைக்கலாம், ஆனால் முதலில் போனை வைக்க வேண்டியது அப்பா.

ஸ்கிரீன்ஷொட்டைக் காட்டி யாராவது பிள்ளையை மிரட்டினால் அது வேறு விடயம். அதை அழிக்க வேண்டாம், பிள்ளையை ஏசவும் வேண்டாம். சிறுவர் உதவிக்கு 1929, மனம் தாங்காவிட்டால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. எந்த நேரத்திலும் எடுக்கலாம்.