ஸ்கேலர்: ஏணியிலிருந்து இறங்கி வந்த சொல்

ஸ்கேலர் என்றதும் நம்மில் பலருக்குப் பள்ளிக்கூட இயற்பியல்தான் ஞாபகம் வரும். வேகம் ஸ்கேலர், திசைவேகம் வெக்டர். மனப்பாடம் பண்ணினோம், மார்க் வாங்கினோம், மறந்தோம். அப்புறம் கிராஃப்கியூஎல்லுக்கு (சர்வரிடம் வேண்டிய தகவலை மட்டும் கேட்டு வாங்குகிற மொழி) ஒரு கிளையன்ட் லைப்ரரி, அதாவது கேட்கிற பக்கத்துக்கான நிரல் தொகுப்பு, எழுத உட்கார்ந்தால் அங்கேயும் இதே சொல் வந்து நிற்கிறது, ஆனால் திசையைப் பற்றிப் பேச்சே இல்லை.

முதலில் பொருள். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் போவதை ஒரு ஆப்பில் ஏற்றுகிறோம் என்று வையுங்கள். கூடை என்பது ஒரு ஆப்ஜெக்ட், பல தகவல்களைச் சேர்த்துக் கட்டிய மூட்டை. சர்வரிடம் "கூடையைக் கொடு" என்று மட்டும் கேட்டால் பிழைதான் வரும், கூடையில் எது வேண்டும் என்று சொல்லியாக வேண்டும். எடையைக் கேட்டால் 18.5, பெயரைக் கேட்டால் வஞ்சிரம், ஏலம் முடிந்ததா என்றால் ஆம் அல்லது இல்லை. அந்த 18.5-க்குள் நுழைந்து இன்னும் கேட்க ஒன்றுமில்லை. அப்படிக் கேள்வி போய் முட்டி நிற்கிற இடம்தான் ஸ்கேலர்.

சொல்லின் வேர் லத்தீன். ஸ்காலா என்றால் ஏணி. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் ஏணியை எஷேல் என்பார்கள், அதுவும் இதன் வழிவந்ததே. பென்சில் பெட்டியில் இருக்கிற ஸ்கேலும் இந்தக் குடும்பம்தான், கோடுகளைப் பாருங்கள், ஏணிப்படி மாதிரியே இருக்கும். (மீன் நிறுக்கிற தராசுக்கும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய அதே பெயர் என்றாலும் அந்தச் சொல் வடக்கு ஐரோப்பாவிலிருந்து வந்தது, உறவு இல்லை.) 1591-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் பிரான்சுவா வியெட் படிப்படியாக ஏறும் அடுக்குகளுக்கு இந்தச் சொல்லைக் கணிதத்தில் வைத்தார். இன்றைய பொருளை 1840-களில் ஐரிஷ் கணித அறிஞர் வில்லியம் ரோவன் ஹாமில்டன் கொடுத்தார்: ஒரே அளவுகோலில் எங்கோ ஒரு புள்ளியாக நிற்கிற எண். நிரலாளர்கள் எண்ணை விட்டுவிட்டு அந்த 'ஒரே' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

கிராஃப்கியூஎல்லில் அடிப்படையாக ஐந்து வகை: இன்ட் (முழு எண்), ஃப்ளோட் (புள்ளி வைத்த எண்), ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்), பூலியன் (ஆம்-இல்லை), ஐடி (அடையாளக் குறி). பூலியன் கணித அறிஞர் ஜார்ஜ் பூல் பெயரால் வந்தது, அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை. வம்பு பண்ணுவது இன்ட். அது 32 பிட், 2,147,483,647-க்கு மேல் தாங்காது. நான் ஒருமுறை செல்போன் எண்ணை இன்ட் என்று வைத்துவிட்டு அரைநாள் தலையைச் சொறிந்தேன். நம்மூர் செல்போன் எண்கள் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும், பத்து இலக்கம், ஒன்றுகூட உள்ளே அடங்காது! சரி, லேண்ட்லைன் கோடு சின்னதுதானே என்றால் கடலூரின் 04142 வெறும் 4142 ஆகிவிடும், புதுச்சேரியின் 0413 வெறும் 413. கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எண்ணே இல்லை, ஸ்ட்ரிங்தான். ஐடியும் அப்படியே, எண் மாதிரி தெரிந்தாலும் பதிலில் ஸ்ட்ரிங்காகத்தான் வரும், லைப்ரரியில் வகையையும் சேர்த்து அதை எண்ணோடு ஒப்பிட்டால் ஒருநாளும் பொருந்தாது.

தேதி இந்த ஐந்தில் இல்லை. ஸ்கீமாவில் (சர்வரிடம் என்னென்ன கேட்கலாம், எது எந்த வகை என்று எழுதி வைத்த பட்டியல்) நாமே ஒரு ஸ்கேலராக அறிவிக்கலாம், ஆனால் அங்கே இருப்பது வெறும் பெயர்தான். வருகிற எழுத்தைத் தேதியாக்க ஒன்று, தேதியைத் திரும்ப எழுத்தாக்க ஒன்று என்று இரண்டு ஃபங்ஷனை லைப்ரரிக்குக் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

இப்போது தமிழுக்கு வருவோம். கணிதப் பாடத்தில் திசையிலி என்று ஒரு நல்ல சொல் உண்டு. வெக்டருக்குப் பக்கத்தில் நிற்கும்போது அது பொருந்துகிறது, வஞ்சிரம் என்ற பெயரைத் திசையிலி என்றால் சிரிப்புதான் வரும். அளவெண் என்றும் சிலர் எழுதுகிறார்கள், ஆம்-இல்லை என்பது என்ன எண்? என் ஓட்டு தனிமதிப்புக்கு. தனியாக நிற்கிறது, உள்ளே பிரிக்க முடியாது, எண்ணாக இருந்தே தீர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. தரவு வகையோடு சேர்த்து 'தனிமதிப்பு வகை' என்றால் வாயிலும் நுழைகிறது.

என் லைப்ரரியின் கையேட்டில் அப்படித்தான் எழுதுகிறேன். ஸ்கீமாவுக்குள் முடியாது, அங்கே பெயர் வைக்க ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் செல்லும், தமிழில் வைத்தால் முதல் எழுத்திலேயே பிழை காட்டிவிடும்.