உதடே இல்லாத வண்டு 'பி' சொல்வது எப்படி?

ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் வண்டுப் பொம்மைகளின் ராக் இசைக்குழு ஒன்று ஆங்கில 'பி' (B) எழுத்தைப் பற்றிப் பாடும். அதைப் பார்த்த என் நாலு வயசுப் பையன், 'இந்த வண்டுக்கு வாய் வலிக்காதாம்மா?' என்கிறான். பொம்மை என்று தெரிந்தும் எனக்கே அது பாடுகிற மாதிரிதான் இருக்கிறது. ஏன்?"

அந்தக் குழுவின் பெயர் பீட்டில்ஸ் (Beetles). லிவர்பூலின் புகழ்பெற்ற பீட்டில்ஸ் (Beatles) இசைக்குழு தன் பெயரில் மாற்றி வைத்துக்கொண்ட ஆங்கில எழுத்தை இந்தப் பொம்மைகள் பூச்சியின் சரியான எழுத்துக்கே திருப்பிவிட்டன. பாட்டை எழுதியவர் கிறிஸ்டோபர் செர்ஃப்.

குரல் பொம்மையின் வாயிலிருந்தே வருவதாக ஏன் தோன்றுகிறது என்ற முதல் பாதிக்கான பதில் எளிது. சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, அசைவது திரையில் இருக்கும் வாய். ஒரு சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதில் காதைவிடக் கண் துல்லியமானது. அதனால் மூளை கண் சொல்வதை எடுத்துக்கொண்டு, குரலை அசையும் வாயில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. 2004இல் அலைஸ், பர் என்ற இரு ஆய்வாளர்கள் காட்சியை வேண்டுமென்றே மங்கலாக்கிப் பார்த்தார்கள். நன்றாக மங்கியதும் மூளை கட்சி மாறிக் காதின் பக்கம் போய்விட்டது. அந்தந்த நேரத்தில் யாரை அதிகம் நம்பலாம் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறது.

சரி, இடம் பொருந்திவிட்டது. சொற்கள் எப்படிப் பொருந்துகின்றன? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பொம்மைக்கு நாக்கு அசையாது, உதடு குவியாது. அதனால் முடிந்தது வாயைத் திறப்பதும் மூடுவதும் மட்டும். ஆனால் மனிதர் பேசும்போதும் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது பெரும்பாலும் அவ்வளவுதான். நம் வாய் நொடிக்கு இரண்டு முதல் ஏழு தடவை திறந்து மூடுகிறது. அது அகலத் திறக்கும்போது சத்தம் கூடுகிறது, மூடும்போது குறைகிறது. ஒலியின் இந்த ஏற்ற இறக்கத்தைத்தான் மூளை வாயசைவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அந்த வேகத்தில் அசைக்க ஒரு மனிதக் கை தாராளமாகப் போதும்.

இப்போது 'பி'க்கு வருவோம். ப, ம இரண்டும் மேலுதடும் கீழுதடும் பொருந்தப் பிறக்கும் எழுத்துகள் என்று பள்ளியில் படித்திருப்போம். ஆங்கிலத்தின் 'பி'யும் அந்தக் குடும்பம்தான். மூடிய வாய் சட்டென்று திறக்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தைத் தொடும் 'ட'வைப் பொம்மையால் காட்டவே முடியாது. ஆனால் 'பி'யை நம்மைப் போலவே காட்டிவிடும்! பொம்மைகள் பாட இதைவிடப் பொருத்தமான எழுத்து இருக்க முடியுமா என்று ஒவ்வொரு முறையும் வியந்துபோகிறேன்.

இந்த உதடு மூடலை நாம் எவ்வளவு கவனிக்கிறோம் என்பதை 1976இல் மெக்கர்க், மெக்டொனால்ட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் காட்டினார்கள். 'பஸ்'ஸில் வரும் 'ப'வின் ஒலியை, 'கேஸ்' அடுப்பில் வரும் 'க'வைச் சொல்லும் முகத்தோடு சேர்த்து ஓட்டினார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு 'டாக்டர்' என்பதில் வரும் 'ட' கேட்டது. உதடு மூடவில்லை என்று கண் சாட்சி சொன்னதும், காதில் விழுந்த 'ப'வையே மூளை ஏற்க மறுத்துவிட்டது.

இதற்கெல்லாமா ஆராய்ச்சிப் பணம் என்று கேட்பவர்கள் உண்டு. செசமி ஸ்ட்ரீட் 1969 நவம்பரில் ஒளிபரப்பாகும் முன்பே அதற்கு 80 லட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அதில் பாதி அளவு அமெரிக்க அரசுப் பணம். எழுத்தாளர்களுக்குப் பக்கத்திலேயே உளவியல் ஆய்வாளர்களும் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவரான எட்வர்ட் பால்மர் டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு திரையை வைத்து, ஏழெட்டு விநாடிக்கு ஒரு படம் மாறும்படி செய்தார். குழந்தையின் கண் எந்த நொடியில் டிவியை விட்டு அந்தப் பக்கம் போகிறது என்று குறித்துக்கொண்டார்கள். குழந்தைகளுக்கென்று எடுக்கும் எந்த நிகழ்ச்சிக்கும் இந்தச் செலவைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

அப்புறம், கையின் வேலை. கட்டைவிரல் கீழ்த்தாடை, மற்ற நான்கு விரல்கள் மேல்தாடை. கை தலைக்கு மேலே இருப்பதால், பொம்மையாட்டக்காரர் கீழே இருக்கும் ஒரு சிறிய டிவியில் பார்த்துத்தான் ஆட்டுகிறார். அது கண்ணாடி போல இடம்வலம் மாற்றிக் காட்டாது, அதனால் பழகும்வரை கை தப்பான பக்கமே போகும். கிடார் வாசிக்க இரு கைகளும் வேண்டும் என்றால், பொம்மையின் வலது கைக்கு இன்னொருவர் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு நிற்பார்.

பையனிடம் ஒரு பழைய காலுறையைக் கொடுத்து 'அம்மா' சொல்ல வைத்துப் பாருங்கள். முதலில் நான்கு விரலையும் மேலே தூக்குவான். காலுறையின் தலை பின்னால் சாய்ந்து கூரையைப் பார்க்கும், ஒவ்வொரு சொல்லையும் கடித்துத் தின்பது போலிருக்கும். பிறகு விரல்களை அப்படியே வைத்துக்கொண்டு கட்டைவிரலை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். 'அ'வுக்குத் திறந்து, 'ம்'முக்கு மூடி, 'மா'வுக்கு மறுபடி திறக்கும்போது, காலுறை உங்களைப் பார்த்தே கூப்பிடும்.