விளக்கொளியைக் கழுவும் தொட்டியில் தேடாதீர்கள்

கார்த்திகை விளக்கீடு முடிந்து மூன்று நாளுக்குள், என்னிடம் கழுவ வந்து வெறுமையாகிப்போன நான்காவது பிலிம் சுருள் இது. வெள்ளவத்தையிலிருந்து வந்த தம்பி ஒருவர், தன் அம்மம்மா சிட்டி விளக்கு ஏற்றுவதை 36 படங்களாக எடுத்திருந்தார். கழுவித் தொங்கவிட்டபோது நெகட்டிவ் முழுவதும் கண்ணாடிபோல் வெறுமையாக இருந்தது. சுடர் நின்ற இடத்தில் மட்டும் ஒரு கறுப்புப் பொட்டு. அம்மம்மாவின் முகம் ஒரு படத்திலும் இல்லை. "அண்ணா, மற்றச் சுருளை இரண்டு ஸ்டொப் தள்ளிக் கழுவுங்கள், வந்துவிடும்" என்றார்.

வராது. இதை எத்தனை பேரிடம்தான் சொல்வது? தள்ளிக் கழுவுவது என்றால் பிலிமை டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் திரவத்தில், கூடுதல் நேரம் வைத்திருப்பது, அவ்வளவே; ஒரு ஸ்டொப் என்பது ஒளியில் இரு மடங்கு. ஒளி பட்ட இடத்தை அது மேலும் கறுப்பாக்கும். ஒளியே படாத இடத்தில் அதற்கு வேலை கிடையாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? தள்ளினால் சுடர் வெறும் வெள்ளைத் திட்டாக அச்சில் வரும், படத்தில் புள்ளிபுள்ளியாகத் தெரியும் பிலிம் மணிகள் பருக்கும், இருளில் இருந்த முகமோ இருளிலேயே இருக்கும். ஸ்கேன் செய்து வெளிச்சத்தைக் கூட்டினாலும் இதே கதைதான். கொழும்புக் குழாய்த் தண்ணீரை ஐஸ்கட்டி போட்டு 20 பாகைக்கு இறக்கித்தான் ஒவ்வொரு சுருளையும் கழுவுகிறேன். அந்தக் கவனத்தாலும் பிலிமில் இல்லாத முகத்தைத் தர முடியாது.

ஒளியை அங்கேயே, அந்த நேரத்திலேயே கொடுத்துவிடுங்கள். சுடரைக் கண்டால் ஒளிமானி ஏமாந்துபோகும். ஆகவே முகத்தருகே சென்று, சுடர் படாமல் அளவெடுங்கள். பக்கத்து விளக்கின் ஒளி விழும் முகத்துக்கு, 400 வேகப் பிலிமில் லென்ஸ் துளை எஃப் 2, நேரம் 1/15 செக்கன் நல்ல தொடக்கம். முக்காலி இல்லையென்றால் கமெராவைக் கதிரைமேல் வையுங்கள். கையில் பிடித்து எடுக்காதீர்கள்.

ஒரு செக்கனைத் தாண்டினால் ஒளிமானி சொல்லும் நேரம் போதாது. அது பிலிமின் இயல்பு. இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ், கொடாக் ட்ரை-எக்ஸ் இரண்டும் 400 பிலிம்தானே, ஒன்றுபோலவே இருக்கும் என்று நம்பிவிடவும் வேண்டாம். மானி 10 செக்கன் காட்டினால் எச்பி5 பிளஸுக்குச் சுமார் 20 செக்கன் கொடுக்க வேண்டும், ட்ரை-எக்ஸுக்கு 50.

பௌத்தர்களின் வெசாக் நாளுக்குத் தொங்கவிடும் காகித விளக்குகளான வெசாக் கூடுகளை எடுக்கக் கொழும்பின் பேர வாவிக் கரைக்குப் போகிறவர்கள் நன்றாக இருட்டும்வரை காத்திருக்கிறார்கள். ஏன்? மே மாதத்தில் 6.20 அளவில் சூரியன் மறைந்த பிறகு, சிறிது நேரம் வானத்தில் நீலம் தங்கியிருக்கும். அப்போது எடுத்தால் கூடும் தெரியும், அது தொங்கும் கிளையும் தெரியும். காற்று ஓயும்வரை பொறுங்கள். பிளாஷை மட்டும் போடவே போடாதீர்கள். உள்ளிருந்து ஒளிரும் கூடு வெறும் தாளாகிவிடும்.

பிலிமின் விலை எனக்கும் தெரியும். இருந்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன்: காட்சி ஒன்றுக்கு மூன்று படம் எடுங்கள். கணக்கிட்ட நேரத்தில் ஒன்று, அதன் இரு மடங்கில் ஒன்று, நான்கு மடங்கில் ஒன்று. 36 படச் சுருளில் 12 காட்சிகள் கிடைக்கும். ஒரு விளக்கீட்டுக்கு அது தாராளம்.