வலுவான பீர் பாதியில் நின்றால் முதலில் செய்ய வேண்டியது என்ன?

நொதித்தல் நின்றுவிட்டது, குமிழியே வரவில்லை என்று பதறி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் மிதவைக் கருவியான ஹைட்ரோமீட்டரின் அளவைத்தான். மூடியின் ரப்பர் வளையம் சற்று விலகியிருந்தாலே வாயு அவ்வழியாக வெளியேறிவிடும் என்பதால், ஏர்லாக்கில் (வாயுவை வெளியேவிட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பான்) குமிழி வருவதையோ வராததையோ வைத்து எதையும் முடிவுசெய்ய இயலாது.

அளப்பதிலும் இரண்டு இடறல்கள் உண்டு. ஒளிவிலகலை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், ஆல்கஹால் கலந்த திரவத்தில் உண்மையைவிட உயர்ந்த அளவையே காட்டும். திருத்தக் கணக்கு போடாமல் அதை நம்பி, முடிந்துவிட்ட பீரை நின்றுவிட்டதாக எண்ணுவோர் பலர். ஹைட்ரோமீட்டரிலும், தண்டில் ஒட்டிய குமிழிகள் அதைத் தூக்கிப் பிடித்து அளவைக் கூட்டிக் காட்டும். மாதிரியை நன்றாகக் கலக்கி வாயுவைப் போக்கி, கருவியை ஒருமுறை சுழற்றிவிட்ட பின்னரே படிக்க வேண்டும்.

1.090 ஒப்படர்த்தியில் (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; சர்க்கரை நொதிக்க நொதிக்க இது குறையும்) தொடங்கிய பீர் 1.040-இல் மூன்று நான்கு நாட்களாக அசையாமல் இருந்தால், அது நின்றிருக்கக்கூடும். பெரும்பாலும் காரணம் முதல் நாளிலேயே இருக்கும். ஏல் வகைக்கு (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர்) ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு பிளாட்டோவுக்கு (சாற்றின் சர்க்கரைச் செறிவைக் குறிக்கும் அலகு), ஏறத்தாழ 7.5 லட்சம் ஈஸ்ட் செல்கள் என்பது வழக்கமான கணக்கு. 20 லிட்டர் அளவிலான இத்தகைய மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றுக்கு அது 32,000 கோடியைத் தொடும். சாதாரண பீருக்குப் போதுமான ஈஸ்ட்டையே இதிலும் தூவி, சாற்றில் காற்றேற்றாமலும் விட்டால், போதிய அளவு பெருகாத செல்கள் ஏறிவரும் ஆல்கஹாலில் சோர்ந்து அடியில் படிந்துவிடும்.

எனவே முதலில் வெப்பநிலையை 20 முதல் 22 டிகிரிக்கு மெல்ல உயர்த்தி, கலனைத் திறக்காமல் லேசாகச் சுழற்றி, படிந்த ஈஸ்ட்டை எழுப்பிவிடுங்கள். கூடவே சிறிது பீரைத் தனியே எடுத்து, தாராளமாகப் புது ஈஸ்ட் சேர்த்து, கதகதப்பான இடத்தில் வைத்து அவ்வப்போது குலுக்குங்கள். அந்த மாதிரி 1.022-க்கு இறங்கினால் உங்கள் பீரும் இறங்கக்கூடியதே. அதுவும் 1.040-இலேயே நின்றால், மால்ட்டை ஊறவைத்த வெப்பம் 70 டிகிரியை ஒட்டியிருந்து, ஈஸ்ட்டால் நொதிக்க இயலாத டெக்ஸ்ட்ரின்கள் என்னும் மாவுச்சத்துத் துண்டுகள் மிகுந்திருக்கலாம். அப்போது மேலும் ஈஸ்ட் ஊற்றுவது வீண். குளுக்கோஅமைலேஸ் நொதி அவற்றை உடைக்கும் என்றாலும், வாயில் கனமில்லாத, இனிப்பற்று வறண்ட பீரே மிஞ்சும் என்பதால் நான் அதை எளிதில் பரிந்துரைப்பதில்லை.

புது ஈஸ்ட் தேவையெனில், உலர் ஈஸ்ட்டை நேரே தூவாதீர்கள். ஏற்கெனவே ஆல்கஹால் ஏறிய திரவத்தில் அது பெரும்பாலும் எழாது. ஆல்கஹாலைத் தாங்கும் வகையைச் சிறிதளவு மால்ட் சாற்றில் வளர்த்து, நின்ற பீரைச் சிறிது சிறிதாக அதில் கலந்து பழக்கி, நுரை பொங்கும் நிலையிலேயே ஊற்ற வேண்டும். இந்தக் கட்டத்தில் பீரில் காற்றேற்றினால் சுவை கெடும்.

நின்ற பீரைப் பொறுமையின்றிப் புட்டியில் அடைப்பதுதான் உண்மையான அபாயம். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 2 கிராம் கரியமில வாயு உண்டாகும். வழக்கமான பீரில் மொத்தமே 5 கிராம் அளவுதான் இருக்கும். தொடக்க காலத்தில் நானே 1.038-இல் நின்றதை அடைத்துவிட்டேன். மூன்றாம் வாரம் ஓர் இரவில் ஒரு புட்டி வெடித்து, சில்லுகள் எதிர்ச்சுவர் வரை சிதறின. பாதுகாப்பு மூக்குக் கண்ணாடியும் தடித்த கையுறையும் அணிந்து, எஞ்சியவற்றைக் கடுங்குளிரில் வைத்து, மறுநாள் துணி போர்த்தி ஒவ்வொன்றாகத் திறந்தேன். கால் புட்டிகூட மிஞ்சாமல் எல்லாம் நுரையாகவே வழிந்தது.