மின்சாரம் போனால் எந்தக் கதவு திறக்கும்?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) விட்டுத் தாமான் (குடியிருப்புத் திட்ட) வீடுகளுக்கு வந்தவர்கள் ஆசையாகப் போட்டுக்கொள்வது ஆட்டோகேட், அதாவது ரிமோட்டில் திறக்கும் மோட்டார் கேட். ஆள் போய்வரப் பக்கத்தில் ஒரு சிறு கேட் வையுங்கள் என்றால் மட்டும், வீண் செலவு என்கிறார்கள். பிள்ளைகள் ஈப்போவுக்கு வேலைக்குப் போனபின் பகலெல்லாம் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அவசரத்தில் அதுதான் வழி. இடி மின்னலில் கேட்டின் கண்ட்ரோல் போர்டு கருகுவதும், உள்ளே பல்லியும் எறும்பும் புகுந்து கெடுப்பதும் இங்கே சாதாரணம்.

இடமிருந்தால் தனிக் கேட்டாகவே வையுங்கள். கதவு முழுதாகத் திறந்தபின் 900 மில்லிமீட்டர் வழி கிடைத்தால் சக்கர நாற்காலியும் ஸ்டிரெச்சரும் தாராளமாக நுழையும். காரை அதை அடைத்து நிறுத்தாதீர்கள்.

இழுவைக் கேட் என்றால் அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் பெரிய கேட் திறந்ததும் சிறு கேட்டின் பின்னால் போய் நிற்கிறது. பாதியில் மோட்டார் நின்றால் இரண்டு வழியும் அடைபட்டுப்போகும். அதைவிட மோசம், சிறு கேட்டின் கம்பிக்குள் கைவிட்டு நிற்கும் குழந்தை. ஓடிவரும் சட்டத்துக்கும் கம்பிக்கும் நடுவே கை நசுங்கும். சிறு கேட்டை எதிர்ப்பக்கம் வையுங்கள். முடியாவிட்டால் கம்பிகளின் மேல் தகடோ நெருக்கமான வலையோ அடித்துவிடுங்கள்.

இடமே இல்லாதவர்கள் கோயில் பெருங்கதவில் இருக்கும் திட்டிவாசல்போல, பெரிய கேட்டிலேயே சிறு கதவு வெட்டச் சொல்வார்கள். எங்களுக்கு இது அவ்வளவு உவப்பில்லை. சட்டத்தை வெட்டுவதால் கேட் தொய்கிறது. கீழ்ச்சட்டம் காலைத் தடுக்கிறது. வைத்தே ஆக வேண்டுமென்றால், சிறு கதவு திறந்திருக்கும்வரை மோட்டார் ஓடாதபடி ஒரு சுவிட்ச் கட்டாயம். அது இல்லாவிட்டால் ஒருவர் நுழையும் நேரத்தில் இன்னொருவர் ரிமோட்டை அழுத்திவிடுவார்.

பூட்டு, உள்ளிருந்து சாவியில்லாமல் கையால் திருகித் திறப்பதாக இருக்கட்டும். திருடன் கைவிட்டுத் திறப்பான் என்று பயந்தால், வெளியிலிருந்து கை எட்டாத அளவுக்குப் பூட்டைச் சுற்றித் தகடு அடியுங்கள். இருட்டில், புகையில் சாவி தேட நேரமிருக்காது. வீட்டுக் கிரில்லுக்கும் இதே கணக்குதான்.

தூண் துருப்பிடிப்பது அடியில், சிமெண்டைத் தொடும் இடத்தில். தண்ணீர் தேங்காமல் அங்கே சிமெண்டைச் சரிவாகப் பூசுங்கள். இழுவைக் கேட்டின் ஓட்டத்தின் இரு முனையிலும் தடுப்புக்கட்டை உறுதியாக இருக்க வேண்டும். அது தளர்ந்தால் கேட் மேல்வழிகாட்டி உருளையைத் தாண்டிப்போய் ஆள்மேலேயே சாயும்.

230 வோல்ட் வயரைப் பதிவுபெற்ற வயர்மேன்தான் இழுக்க வேண்டும். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி.யும் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) எர்த்தும் அவசியம். மாதம் ஒருமுறை மெயின் சுவிட்சை அணைத்து, ரிலீஸ் சாவியால் மோட்டாரை விடுவித்துப் பெரிய கேட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். வீட்டுப் பெரியவரையே தள்ளச் சொல்லுங்கள். அந்தச் சாவி கார்ச் சாவிக்கொத்தில் இருக்கக்கூடாது. வாசற்கதவுக்கு உள்பக்கம், எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கட்டும்.